குறி சுடுவது கன்றுக்கு ஒரு நிமிஷ வலிதானா?

கேள்வி: ஜூன் 11

கொட்டகலையிலிருந்து எழுதுகிறேன். லயத்துக்குப் பின்னால் இரண்டு பசு, ஒரு கிடேரிக் கன்று, ஒரு காளைக் கன்று வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்து டிவிஷனில் ஒரு கிடேரி களவு போனது. மனைவியின் ஊர் செங்கலடி. அங்கே யாருடைய மாடு என்று தெரிய, பட்டிக் கன்றுகளின் தோலில் வருஷா வருஷம் காய்ச்சிய கம்பியால் குறி சுடுவார்கள், நானும் போய்ப் பிடித்திருக்கிறேன். ஒரு கத்து கத்தும். அவிழ்த்துவிட்டால் எழும்பித் தாயிடம் ஓடிப் பால் குடிக்கும். அவ்வளவுதான். இங்கேயும் சுட்டுவிடலாம் என்று மச்சானிடம் குறிக்கம்பி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாட்டு டொக்டர் வேண்டாம் என்கிறார். ஒரு நிமிஷ வலிக்கு ஏன் இவ்வளவு யோசனை? அந்த வலியை யாராவது அளந்தா பார்த்தார்கள்?

ஜூன் 11, இரவு

அளந்து பார்த்திருக்கிறார்கள் அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேலாக அளந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளுக்குக் குறி சுடுவது வழக்கம் என்பதால் ஆய்வுகளும் அங்கிருந்துதான் அதிகம் வருகின்றன.

நீங்கள் பார்த்த அந்த ஒரு நிமிஷம் பொய் இல்லை. ஆனால் அது முதல் பகுதி மட்டும். கம்பி தோலில் பட்டதும் அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது. 1992இல் டெக்சாஸில் லே என்பவரும் கூட இருந்தவர்களும் இளம் மாடுகளில் அளந்தபோது, சூட்டுக்கம்பி பட்ட அரை நிமிஷத்திலேயே அது ஏறியிருந்தது. வந்த வேகத்தில் இறங்கியும்விடும். கத்துவதும் உதைப்பதும் இந்த நேரத்தில்தான்.

அடுத்தது கோர்ட்டிசோல், வலியிலும் பயத்திலும் உடம்பு சுரக்கும் ஹோர்மோன். மூளையின் அடியிலிருந்து உத்தரவு போய், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பி அதைச் சுரந்து இரத்தத்தில் விட வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். உச்சத்துக்குப் போவது கால் மணியிலிருந்து அரை மணிக்குள். நீங்கள் கயிற்றை அவிழ்த்து, கை கழுவி, தேத்தண்ணிக்கு உட்காரும் நேரம் அது. கன்று அப்போது சும்மா நிற்கும். யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் புண். அதன் கணக்கு நாளில் இல்லை, வாரத்தில். அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 12, காலை

கனடாவின் சஸ்காட்சுவானில் செய்து 1997, 1998இல் வெளியிட்டதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் நேற்று எழுதியது பாதிதான். அங்கே மாடுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகைக்குச் சூட்டுக்கம்பி. ஒரு வகைக்குக் கடுங்குளிர்க் கம்பி. மூன்றாவது வகைக்குச் சூடும் இல்லை குளிரும் இல்லை, சாதாரணக் கம்பியை அதே இடத்தில் அதே நேரம் அழுத்திப் பிடித்தார்கள். இந்த மூன்றாவது வகைதான் முக்கியம். பிடிப்பதும் கட்டுவதும் கூட்டத்தைப் பார்ப்பதும் மாட்டுக்குப் பயம்தான். அந்தப் பயத்தைக் கழித்தால்தான் சூட்டின் கணக்கு தனியாகத் தெரியும்.

மாட்டின் தலையைப் பிடித்திருக்கும் சட்டத்தில் விசையை அளக்கும் கருவியைப் பொருத்தி, எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது என்று பதிந்தார்கள். தலை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக அசைந்தது என்று வீடியோவில் பார்த்தார்கள். சூட்டுக்கம்பி பட்டவை மிகக் கூடுதலாக இழுத்தன, குளிர்க்கம்பி அதற்கு அடுத்தது, வெறும் கம்பி கடைசி. வெப்பக் கமராவால் தோலையும் படம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்தும் சுட்ட இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தது. உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஒரு வாரம், அண்ணன்.

ஜூன் 12, மத்தியானம்

“கன்று ஓடிப் போய்ப் பால் குடிக்கிறதே, வலித்தால் குடிக்குமா” என்று வட்டவளைத் தம்பி கேட்டிருக்கிறார்.

குடிக்கும். பயந்த கன்று முதலில் தேடுவது தாயின் மடியைத்தான். பால் குடிப்பது அதற்குப் பசி மட்டும் இல்லை, ஆறுதலும்தான். இன்னொன்று, மாடு காட்டில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த சாதி. நொண்டுவதையும் நோவையும் வெளியே காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். ஆகவே மாடு அமைதியாக நிற்பதை வைத்து வலி இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜூன் 13

இரத்தத்தில் அளப்பதைப் பற்றிக் கொஞ்சம். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பயிற்சிக்காகக் கன்றுகளிடம் இரத்தம் எடுத்திருக்கிறேன். கழுத்துப் பள்ளத்தைப் பெருவிரலால் அழுத்தினால் நாளம் கயிறு மாதிரி புடைக்கும். ஊசி உள்ளே போகும்போது கன்றின் தோல் தோள்பட்டைவரை சிலிர்த்து ஓடும். கண்ணின் வெள்ளை தெரியும். குழாய் நிறைந்ததும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த கன்றிடம் போனால், அது முதல் கன்றைப் பார்த்துவிட்டு முன்னமே இழுத்துக்கொண்டு நிற்கும்.

இதில்தான் முழுச் சிக்கலும். கோர்ட்டிசோலை அளக்கப் போகும் கையே கோர்ட்டிசோலை ஏற்றிவிடுகிறது. ஆகவே ஒழுங்காகச் செய்பவர்கள் முந்தின நாளே கழுத்து நாளத்தில் மெல்லிய குழாயைப் பொருத்தி, கன்று அதற்குப் பழகிய பிறகுதான் தொடங்குவார்கள். அப்புறம் ஊசி வேண்டியதில்லை, குழாயிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உமிழ்நீரிலும் அளக்கலாம், பஞ்சை வாயில் கொடுத்தால் போதும். இரத்தத்தில் ஏறிச் சில நிமிஷம் பிந்தித்தான் அங்கே தெரியும். சாணத்தில் அளந்தால் கன்றைத் தொடவே தேவையில்லை, ஆனால் அதில் தெரிவது ஏறத்தாழ அரை நாளுக்கு முந்தின கதை. ரோமத்தில் அளந்தால் வாரக்கணக்கில் சேர்ந்தது தெரியும், நேற்று நடந்தது தெரியாது. எதை அளந்தீர்கள், எப்போது அளந்தீர்கள் என்று கேட்காமல் எந்த முடிவையும் நம்பக் கூடாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

நியூசிலாந்தில் 2008இல் வேறொரு வழியைக் காட்டினார்கள். கொம்பு வளராமல் இருக்க மொட்டைச் சுடும்போது கன்றின் கண்ணை வெப்பக் கமராவால் பார்த்தால், மரக்கும் ஊசி போடாத கன்றுகளில் கண்ணின் வெப்பம் முதலில் சட்டென்று இறங்கியது. பயத்திலும் வலியிலும் கண்ணோர இரத்த நாளங்கள் சுருங்குவதால் வருவது. தூரத்தில் நின்றே பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

ஜூன் 13, இரவு

பக்கத்து லயத்துப் பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “மாட்டுக்கு வாய் இருந்திருந்தா உங்களுக்கெல்லாம் கெம்பஸே தேவைப்பட்டிருக்காதே” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 15

குறி சுடுவது நம் பக்கத்தில் அரிது. ஆனால் நெருப்பு நம் கன்றுகளுக்குப் புதிது இல்லை. கொம்பு சுடுகிறோம். அதை விட்டுவிட்டுக் குறியை மட்டும் பேசினால் நியாயம் இல்லை.

இதில் நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் மெல்லரும் ஸ்டாஃபோர்டும் கூட்டாளிகளும் வருஷக்கணக்காக அளந்தார்கள். வளர்ந்த கொம்பை வேரோடு தோண்டி எடுத்தால் கோர்ட்டிசோல் ஏறி, பழைய நிலைக்குத் திரும்ப ஏழெட்டு மணி நேரம் போகிறது. குட்டியில் மொட்டாக இருக்கும்போதே சூட்டுக்கம்பியால் சுட்டால் ஏற்றம் அதைவிடக் குறைவு. இது வரைக்கும் நம்முடைய அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அடுத்தது. கொம்பைத் தோண்டும் முன் லிக்னோகேய்ன் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்தால் கோர்ட்டிசோல் ஏறவில்லை. நல்லது என்று தோன்றும். ஆனால் அளவை அங்கே நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மருந்து விட்டுப்போனதும் கோர்ட்டிசோல் மேலே போனது. வலி இல்லாமல் போகவில்லை, தள்ளிப் போனது. அழற்சியைக் குறைக்கும் வலிநிவாரணியையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் அந்த இரண்டாவது ஏற்றமும் அடங்கியது. கனடாவில் குவெல்ஃபில் சூட்டுக்கம்பிக்கே இதைப் பார்த்து 2009, 2010இல் வெளியிட்டார்கள்: மரக்கும் ஊசியோடு மெலொக்ஸிகாம் என்ற வலிநிவாரணியும் போட்ட கன்றுகளில் முதல் ஆறு மணி நேரம் கோர்ட்டிசோல் குறைவாக இருந்தது. தலையை உதறுவது முதல் சில மணி நேரம் குறைவாக இருந்தது, காதை அடிப்பது ஏறத்தாழ இரண்டு நாள்வரை குறைவாகவே இருந்தது. இதைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். மரக்கும் ஊசி மட்டும் போட்ட கன்று இரண்டாம் நாளும் காதைக் கூடுதலாக அடித்துக்கொண்டுதான் இருந்தது.

நான் இங்கே பார்த்த பல இடங்களில் ஒரு ஊசியும் இல்லாமல்தான் கொம்பு சுடுகிறார்கள். ஒருவர் கழுத்தில் ஏறி உட்காருவார், ஒருவர் காதைத் திருகிப் பிடிப்பார், கம்பியை விறகடுப்பில் காய வைத்திருப்பார்கள். ரோமம் கருகும் மணம் லயம் முழுக்க நிற்கும். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பால் மாடு கொம்போடு நின்றால் சின்னப் பிள்ளைகளைக் குத்திவிடும் என்ற பயத்தில் செய்கிறார்கள். ஊசிக்குக் காசு, டொக்டருக்குப் பயணக் காசு. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கன்றுக்கு வாழ்க்கையில் ஒரு தடவை ஆகும் செலவு இது.

ஜூன் 16

சுருக்கமாக: ஒருவர் காஸ்டிக் பசை பூசலாமே என்கிறார். பூசலாம், அதுவும் சுடத்தான் செய்யும், இரசாயனச் சூடு. நம் மழையில் அது வழிந்து கண்ணுக்குள் போகும். தாயோடு விட்டிருக்கும் கன்றென்றால் தாயின் மடியிலும் படும்.

ஜூன் 18

புண்ணைப் பற்றித் தனியாக எழுதுவதாகச் சொன்னேன். கலிபோர்னியாவில் டக்கர் என்பவரின் குழு 2014இல் வெளியிட்டது. சுட்ட குறியை நாள்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். புண்ணைச் சின்னக் கருவியால் மெல்ல அழுத்தி, எவ்வளவு அழுத்தத்தில் மாடு விலகுகிறது என்று அளந்தார்கள். பத்து வாரம் கழித்தும் முழுவதும் ஆறாத குறிகள் இருந்தன. ஆறாதவரை அந்த இடம் நொந்தது. சுடும்போது போட்ட ஒரே ஒரு வலிநிவாரணி ஊசி இதைப் பெரிதாக மாற்றவில்லை.

இதைச் சேர்த்துப் பார்த்தால் கொம்பு விஷயத்தில் நான் சொன்ன ஊசிகள் முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான் காவல். அதற்குப் பிறகு வருவது புண்ணின் அளவைப் பொறுத்தது. கொம்பு மொட்டின் புண் சின்னது. தொடையில் இரண்டு எழுத்தும் ஒரு இலக்கமும் சுட்டால் உள்ளங்கையைவிடப் பெரிய தீப்புண். கொட்டகலையின் ஈரத்தில், சாணம் தெறிக்கும் கொட்டிலில், அது எப்போது காயும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரத்தத்தில் கோர்ட்டிசோல் ஒரே நாளில் இறங்கிவிடும் என்று முதலில் எழுதியவர்களும் சரி, பத்து வாரம் நோகிறது என்பவர்களும் சரி. இரண்டும் ஒரே கன்றில் நடக்கும். கோர்ட்டிசோல் அடங்கினால் வலி அடங்கியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோர்ட்டிசோல் ஏறினால் அது வலிதான் என்றும் சொல்ல முடியாது, லொறியில் ஏற்றினாலும் ஏறும், தாயைப் பிரித்தாலும் ஏறும்.

ஜூன் 19

குளிர்க்கம்பி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 1966இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் ஃபாரெல் கொண்டுவந்த முறை. செம்புக் கம்பியைத் திரவ நைதரசனில், அதாவது மைனஸ் 196 பாகையில், குளிர வைத்து, ரோமத்தைக் கத்தரித்துவிட்டுத் தோலில் அழுத்துவார்கள். ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் செத்துவிடும். சில வாரம் கழித்து அங்கே வெள்ளை ரோமம் முளைக்கும்.

எனக்கு இதில் ஆசை வந்ததுக்குக் காரணம், திரவ நைதரசன் நம் மலைக்குப் புதிது இல்லை. குண்டசாலையிலிருந்து வரும் சினை ஊசி விந்துக்குச்சிகள் அதில்தான் கிடக்கின்றன. ஆனால் நம் மாடுகளில் பல ஃபிரீசியன் கலப்பு. கறுப்பில் வெள்ளை தெரியும், வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும்? வெள்ளைத் தோலில் இன்னும் நேரம் அழுத்தி ரோமம் முளைக்காமலே செய்ய வேண்டும், அப்போது புண்ணும் கூடுதல். ஜெர்சிக்கு நன்றாக வரும்.

ஜூன் 19, மாலை

சினை ஊசி போடும் அண்ணன் ஒருவர் பதில் போட்டிருக்கிறார், நான் ஆசைப்பட்டது நடக்காத காரியம் என்று. ஒரு கம்பி குளிரும்வரை லீற்றர் கணக்கில் நைதரசன் கொதித்து ஆவியாகும், அவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் குடுவையில் குச்சிகளைக் காப்பாற்றும் அளவுதான் இருக்கும். ஒரு கன்றுக்குக் குறி போட்டால் அன்றைக்கு ஒரு பசுவுக்கும் சினை ஊசி இல்லை. அவர் சொல்வதுதான் சரி. இரண்டு கன்று வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த முறை ஒத்துவராது.

ஜூன் 21

செங்கலடியைப் பற்றிச் சிலர் கடுமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மட்டக்களப்புப் பக்கத்து மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரையில் பலருடைய மாடுகள் மாதக்கணக்கில் ஒன்றாகக் கலந்து நிற்கும். நூறு மாடு வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முகமும் தெரியாது. தூரத்திலிருந்து தெரியும் குறி இல்லாவிட்டால் மாடு யாருடையது என்று சண்டை வரும். குறியையும் வவுச்சர் என்ற மாட்டு உரிமைச் சீட்டையும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமே சொல்கிறது. அங்கே குறி பரம்பரையாக வரும் சொத்து. காது டேக் முள்ளில் மாட்டிக் கிழிந்து விழும் என்ற அவர்களுடைய முறைப்பாடும் உண்மை.

நம் நிலைமை வேறு. மாடு கொட்டிலில் கட்டியபடியே நிற்கிறது. நாம் தேயிலை மலையில் புல் அறுத்து, கட்டுக் கட்டித் தலையில் சுமந்து வந்து போடுகிறோம். காலையில் பால் கறந்து சேகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறோம். ஒவ்வொரு மாட்டையும் இருட்டில் இருமலை வைத்தே அடையாளம் தெரியும். களவு போகும் மாட்டைக் கொண்டுபோகிறவன் அன்றிரவே வெட்டிவிடுவான், தொடையில் எழுதியிருப்பதை அவன் வாசிக்கப் போவதில்லை. கொட்டிலுக்கு நல்ல கதவும் பூட்டும் ஒரு நாயும் குறியைவிட உதவும்.

அடையாளத்துக்கு: ஃபிரீசியன் கலப்பென்றால் உடம்பின் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாது, இரண்டு மாட்டுக்கு ஒரே மாதிரி வராது. இரண்டு பக்கமும் நெற்றியும் தெரிய ஃபோனில் படம் எடுத்து, தேதியோடு யாருக்காவது அனுப்பி வையுங்கள். மூக்கு நுனியின் வரிகளும் நம் கைரேகை மாதிரி மாட்டுக்கு மாடு வேறு. நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம். காது டேக்குக்கு அரச மிருக வைத்தியசாலையில் கேளுங்கள். டேக் குத்துவதும் நோவுதான், ஆனால் தீப்புண் இல்லை.

ஜூன் 22

இராகலை அக்கா எழுதியிருப்பது எல்லோரும் வாசிக்க வேண்டியது. கன்றுக்குக் கொம்பு சுட்ட அன்றைக்கு அது கத்தியதைக் கேட்டுக்கொண்டு நின்ற தாய்ப்பசு மாலையில் பாலை அடக்கிக்கொண்டதாம், செம்பு பாதிகூட நிறையவில்லையாம். அது உடம்பு செய்யும் வேலை. பால் இறங்க ஒக்ஸிடோசின் வேண்டும், பயந்த மாட்டின் அட்ரினலின் அதைத் தடுக்கும். கன்றைக் கறவைக்குப் பிறகு, தாய்க்குத் தெரியாத இடத்தில் வைத்துச் செய்வது நல்லது. ஆய்வுகூடமே இல்லாமல் ஒரு மாட்டின் பயத்தைச் செம்பால் அளந்துவிட்டார் அக்கா.

ஜூன் 25

கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார். குறிக்கம்பி வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டாராம், படங்களும் எடுத்துவிட்டாராம். கன்றுகளுக்குக் கொம்பு மட்டும் டொக்டரை வைத்துச் சுடப்போகிறார். கருவி ஒன்றும் இல்லாமல் நாங்கள் என்ன அளக்கலாம் என்று கேட்கிறார்.

நிறைய அளக்கலாம் அண்ணன். முதலில் மொட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தோலோடு சேர்ந்து அசைந்தால் இன்னும் மண்டையோட்டில் ஒட்டவில்லை, சுடலாம். இரண்டு மாதத்துக்குள் இது நடக்க வேண்டும். அசையவில்லை என்றால் அது வேறு பெரிய வேலை, டொக்டரே முடிவு செய்யட்டும். மரக்கும் ஊசி, வலிநிவாரணி இரண்டும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், கொண்டுவர வேண்டுமே. ஊசி போட்டதும் சுடாமல், கொம்பு மொட்டைச் சுற்றி ஊசி நுனியால் தொட்டால் கன்று அசையாத நிலை வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கொப்பி. டொக்டர் வருவதற்கு முந்தின நாள் மாலையிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். சுட்ட பிறகு தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. கன்று எவ்வளவு பால் குடித்தது, விளையாடித் துள்ளியதா, கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் எத்தனை தடவை காதை அடித்தது, தலையை உதறியது, பின்னங்காலால் தலையைச் சொறியப் பார்த்தது, கையை நீட்டினால் நக்க வருகிறதா விலகுகிறதா. அன்றைக்கு மருந்து விடும் நேரத்தில், அதாவது இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கட்டாயம் ஒரு தடவை பாருங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே நேரத்தில் அதே ஆள் பாருங்கள். உங்கள் மகள் எழுதினால் இன்னும் நல்லது, பிள்ளைகள் நம்மைவிடப் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

காளைக் கன்றுக்கும் கிடேரிக்கும் ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டாவது கன்று முதல் கன்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.